கேட்டால் மட்டும் போதுமா?



கீழடிக்கு 2,600 வயது என்று செய்தி வந்தபோது நம்ம வாட்ஸ்அப் குழுக்கள் கொண்டாடித் தீர்த்தன. எனக்கும் பெருமைதான். ஆனால் நாம் வாழும் பே ஏரியாவில் அதைப்போல இரண்டு மடங்கு பழமையான இடம் இருக்கிறது. அதன்மேல் கார் நிறுத்தியிருக்கிறோம்.

ஓலோனி மக்கள் சிப்பி ஓடுகளையும் தங்கள் இறந்தவர்களையும் சேர்த்து எழுப்பிய மேடுகள் வளைகுடாக் கரை முழுக்க இருந்தன. எமரிவில்லில் இருந்த பெரிய மேட்டை 1924இல் தரைமட்டமாக்கினார்கள். இன்று அங்கே நிற்பது பே ஸ்ட்ரீட் மால். பக்கத்துச் சாலையின் பெயர் ஷெல்மவுண்ட் ஸ்ட்ரீட், அதாவது சிப்பி மேட்டுத் தெரு. மேடு போயிடுச்சு, பேரு மட்டும் இருக்கு.

"இப்போதான் சட்டம் இருக்கே" என்பார்கள். இருக்கிறது. 2014இன் ஏ.பி. 52 சட்டப்படி, ஒரு திட்டத்தின் சுற்றுச்சூழல் ஆய்வின்போது பூர்வகுடிகள் கேட்டால் அவர்களோடு கலந்து பேச வேண்டும். வாஷிங்டன் அங்கீகரிக்காத குடிகளுக்கும் இது பொருந்தும். ஓலோனி மக்களில் எந்தக் குழுவுக்கும் அந்த அங்கீகாரம் இல்லாததால் இது முக்கியம்தான். ஆனால் பேசி ஒத்துவரவில்லை என்றால்? நல்லெண்ணத்தோடு முயன்றோம் என்று பதிவுசெய்துவிட்டு, நகராட்சியே முடிவெடுக்கலாம். பூர்வகுடிகளுக்குக் கருத்து சொல்ல இடம் உண்டு. வேண்டாம் என்று தடுக்கும் அதிகாரம் இல்லை.

இது நமக்குப் புதுசா என்ன? ஊரில் கருத்துக்கேட்புக் கூட்டம் என்றாலே பந்தல், மைக், கலெக்டர், சுற்றிலும் போலீஸ். பரந்தூர் விமான நிலையம் வேண்டாம் என்று ஏகனாபுரம் கிராமசபை தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டது. திட்டம் நிற்கவில்லை. ஒடிசாவின் நியமகிரியில் நடந்ததோ வேறு. வன உரிமைச் சட்டத்தைச் சுட்டி, கிராமசபைகள் முடிவு சொல்லட்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 12 கிராமசபைகளும் வேதாந்தாவுக்கான பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது. அங்கே கேட்டது மட்டுமல்ல, கிடைத்த பதிலுக்கும் மதிப்பு இருந்தது.

பெர்க்லிக்கு வருவோம். நான்காவது தெருவில் 2.2 ஏக்கர் கார் பார்க்கிங். சிப்பி மேடு இருந்த இடம் என்று நகரமே 2000இல் பாதுகாப்புச் சின்னமாக அறிவித்தது. 2018இல் அங்கே 260 வீடுகள் கட்டத் துரித அனுமதி கேட்டார்கள். நகரம் மறுத்தது. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கட்டுநர் பக்கம் நின்றது. கடைசியில் 2024 மார்ச்சில், நிலத்தை வாங்கி ஸோகோரேயா தே நில அறக்கட்டளையிடம் ஒப்படைக்க நகர மன்றம் வாக்களித்தது. விலை 2.7 கோடி டாலர். அதில் நகரத்தின் பங்கு 15 லட்சம். மீதி அறக்கட்டளை திரட்டியது. தங்கள் முன்னோர் புதைந்த மண்ணைக் காசு கொடுத்துத்தான் மீட்க முடிந்தது. வேண்டாம் என்று சொல்லும் உரிமைக்கு அங்கே விலை 2.7 கோடி!

"அந்த 260இல் பாதி எளியவர்களுக்கான வீடுகள் ஆச்சே, தோழர்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வீட்டுப் பஞ்சம் உண்மை. ஆனால் அதைத் தீர்க்க இடுகாடுதான் கிடைத்ததா? பக்கத்தில் அபார்ட்மெண்ட் வந்தால் வீட்டு விலை இறங்கும் என்று மனு போடுகிற நம்ம தனிவீட்டுப் பேட்டைகளில் கட்டலாமே! தவிர, 2020இன் ஏ.பி. 168 ஒரு வழி காட்டுகிறது: பூர்வகுடிகளோடு உடன்பாடு வரவில்லை என்றால் துரித அனுமதி கிடையாது. வழக்கமான அனுமதிப் பாதை திறந்தேதான் இருக்கிறது. ஆனாலும் பேச்சுக்குக் கொஞ்சம் பல் முளைத்திருக்கிறது.

நம்மில் பலர் இங்கே வீட்டுக்காரர்கள், வாக்காளர்கள். உங்கள் ஊர்த் திட்டக்குழு கூடும்போது போங்க. பூர்வகுடிகளோடு பேசினீங்களா என்று மட்டும் கேட்காதீங்க, அதற்கு ஆமா என்றுதான் பதில் வரும். அவங்க பேசினதுல உங்க திட்டத்துல எது மாறிச்சு என்று கேளுங்க. கிழக்குக் கரையில் இருப்பவர்கள் அறக்கட்டளைக்கு ஷூமி நிலவரியும் கட்டலாம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, மனமுவந்து தருவது.

கீழடியைக் காப்பாற்று என்று உரக்கச் சொல்லும் நமக்கு, பெர்க்லியின் மண்ணுக்காகவும் குரல் வர வேண்டும்.