தாடை மூட்டும் மூட்டுதான்

தலைவலி என்று மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போகிறவர்களில் சிலருக்கு வலியின் மூலம் தாடையில் இருக்கிறது. நெற்றிப்பொட்டில் விரலை வைத்துப் பல்லை இறுகக் கடித்துப் பாருங்கள். விரலுக்கடியில் ஒரு தசை புடைக்கும். வாயை மூடும் தசை அது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களும், வேலைப் பதற்றத்தில் பகலெல்லாம் தாடையை இறுக்கியே வைத்திருப்பவர்களும் அந்தத் தசைக்கு ஓய்வே தருவதில்லை. விளைவு, தீராத தலைவலி. காதுக்கு முன்னாலுள்ள மூட்டு கொட்டாவியின்போது ‘டக்’ என்கிறது; மெல்லும்போது காதுவரை இழுக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம்.

இவர்கள் படும் அலைச்சல் கொஞ்சமல்ல. காதுக்கு ஒரு டாக்டர், தலைக்கு ஒரு ஸ்கேன், கண்ணுக்குப் புதுக் கண்ணாடி, கடைசியில் ஒரு பாவமும் அறியாத கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதுவரை போகிறது. அத்தனையும் கைக்காசு. விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் சேர்ந்தாலொழிய, தனியார் காப்பீட்டு பாலிசிகளில் பெரும்பாலானவை பல் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. தாடை வலியையும் ‘பல் சமாச்சாரம்’ என்று ஒதுக்கிவிடுவது எளிது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கைகொடுக்கிறது. ஆனால், அது முதன்மையாக உள்நோயாளிகளுக்கானது. தாடை வலிக்காரர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் படுக்கையே தேவைப்படாது. அதனாலேயே காப்பீட்டு அட்டை இருந்தும் உதவுவதில்லை.

புற்றுநோயும் சிறுநீரகச் செயலிழப்பும் காத்திருக்க, தாடை வலிக்கு அரசு செலவழிக்க வேண்டுமா என்று கேட்கலாம். செலவே இங்கு அதிகமில்லை என்பதுதான் நம் வாதம். நாள்பட்ட தாடை வலிக்கு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல் முன்வரிசையில் வைத்திருப்பவை: பயிற்சி பெற்றவர் சொல்லிக்கொடுக்கும் தாடைப் பயிற்சிகள், இறுகிய தசையைக் கையால் தளர்த்துவது, மனநல ஆலோசனை வழியாக வலியைக் கையாளப் பழகுவது, வீட்டிலேயே செய்யும் பயிற்சிகள். பொட்டாக்ஸ் ஊசி அந்த வரிசையில் இல்லை. கழற்றி மாட்டும் பல்லுறைக்குக்கூட அது தயங்குகிறது. கடியை நிரந்தரமாக மாற்றிவிடும் உறைகளையும் மூட்டுச் சவ்வை எடுக்கும் அறுவையையும் கூடாது என்றே அழுத்திச் சொல்கிறது. வலியோடு வருபவரிடம், நல்ல பற்களை ராவி ‘கடியைச் சரிசெய்கிறேன்’ என்பவர்களுக்கு இனியும் இடம் தரக் கூடாது.

உதவி வந்து சேரும்வரை நோயாளி தானே செய்துகொள்ளக்கூடியவையும் உண்டு. உதடு மூடியிருந்தாலும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடாமல் இருப்பதே தாடையின் ஓய்வு நிலை. இதை நாள் முழுக்க நினைவில் வைத்தால் இறுக்கம் குறையும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒத்தடம் கொடுக்கலாம். வலி அடங்கும்வரை முறுக்கும் சீடையும் கரும்பும் வேண்டாம். வலி மாத்திரையை மாதத்தில் பாதி நாள் விழுங்கினால், அதுவே புதிய தலைவலியாக மாறலாம். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக நெற்றிப்பொட்டு வலி, மெல்லும்போது தாடை வலி, பார்வைக் கோளாறு வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; தாமதித்தால் பார்வையே பறிபோகக்கூடும். நெஞ்சடைப்பும் வியர்வையும் சேர்ந்த தாடை வலி என்றால், இதயத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அரசின் பங்குக்கு வருவோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடிப் போகிறார்கள். முழங்காலுக்கும் தோளுக்கும் பயிற்சி தரும் அந்தக் கைகளுக்குத் தாடை மூட்டையும் கற்றுக்கொடுப்பது பெரிய காரியமல்ல. சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிகளே அந்தப் பயிற்சியை நடத்தலாம். தலைவலி என்று வருபவரின் கன்னத்தையும் நெற்றிப்பொட்டையும் தொட்டு அழுத்திப் பார்ப்பதை ஆரம்ப சுகாதார நிலையங்கள் வழக்கமாக்க வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், தாடை மூட்டுச் சிகிச்சையைப் ‘பல்’ என்ற விலக்கிலிருந்து எடுத்து, மற்ற மூட்டுகளின் வரிசையில் சேர்க்கும்படி நிறுவனங்களுக்கு உத்தரவிட வேண்டும். வெளிநோயாளிச் சிகிச்சையை முதலமைச்சர் காப்பீட்டுக்குள் கொண்டுவரும் வேலையை, இந்த ஒரு மூட்டிலிருந்தேகூடத் தொடங்கலாம்.