பன்றிக் கொட்டகையையும் பாருங்கள்

செத்த கோழிகளை எண்ணுவது நோய்க் கண்காணிப்பு ஆகாது. 2006-இல் மராட்டியத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதிலிருந்து இந்நாட்டில் பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. கோழியோ வாத்தோ கூட்டமாகச் சாகும். மாதிரி போபால் ஆய்வகத்துக்குப் போகும். முடிவு வந்ததும் ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் உள்ள வளர்ப்புப் பறவைகளைக் கொன்று புதைப்பார்கள். குட்டநாட்டில் 2014-இலும் இதுவே நடந்தது. 2024-இல் எடத்துவாவிலும் செறுதனையிலும் இதுவே நடந்தது. கொன்ற பறவைகளின் கணக்கு உடனுக்குடன் வெளியாகிறது. அதே வளவில், அதே தண்ணீர்த் தொட்டியில் வாய் வைக்கும் பன்றியின் நிலை என்ன என்பதை மட்டும் யாரும் மக்களுக்குச் சொல்வதில்லை. இந்தப் பாராமுகத்தைக் கண்டிக்கிறோம்.

பறவைகளின் காய்ச்சல் வைரஸ் ஒட்டிக்கொள்ளும் இடமும், மனிதக் காய்ச்சல் வைரஸ் ஒட்டிக்கொள்ளும் இடமும் பன்றியின் மூச்சுக்குழாயில் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே பன்றிக்குள் புகுந்தால், தங்கள் மரபணுத் துண்டுகளை மாற்றிக்கொண்டு புதிதாக ஒன்று கிளம்பலாம். 2009-இல் உலகெங்கும் பரவிய எச்1என்1 வைரஸ், பறவை, பன்றி, மனிதன் ஆகிய மூன்றிடமிருந்தும் வந்த மரபணுக்களின் கலவை. அப்போது இந்தியாவில் முதலில் உயிரிழந்தவர் புனேயில் படித்த ஒரு பள்ளி மாணவி. நாம் அதை மறந்துவிடலாம். அரசு மறக்கக் கூடாது.

2024 அக்டோபர் இறுதியில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஒரு சிறு வீட்டுப் பண்ணையில் பறவைக் காய்ச்சல் வைரஸான எச்5என்1 பன்றிக்குத் தொற்றியது. அந்நாட்டில் பன்றியில் அது கண்டறியப்பட்டது அதுவே முதல்முறை. அங்கே கோழிகளுக்கும் பன்றிகளுக்கும் தண்ணீரும் கொட்டகையும் கருவிகளும் பொது. பன்றிகளிடம் நோயின் அறிகுறி எதுவும் தெரியவில்லை. கோழிகளுக்கு நோய் வந்ததால் பன்றிகளையும் சோதித்தார்கள், அதனால்தான் தெரிந்தது. சாவு விழட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்கும் நமது முறையில் அந்தப் பன்றிகள் சந்தைக்கே போயிருக்கும்.

இங்கே ஒருங்கிணைந்த பண்ணையம் என்ற பெயரில் கோழி, வாத்து, மீன், பன்றி எல்லாவற்றையும் ஒரே நிலத்தில் வளர்க்க ஊக்கம் தருகிறோம். சிறு விவசாயிக்கு அது நல்ல வருமானம். அதை நாம் எதிர்க்கவில்லை. தேசிய கால்நடை இயக்கம் கோழிப் பண்ணைக்கும் பன்றிப் பண்ணைக்கும் பாதிச் செலவை மானியமாகத் தருகிறது. பொதுப்பணத்தில் எழும் கொட்டகைக்கு நடுவே ஒரு தடுப்புச் சுவரும், தனித் தண்ணீரும், தனிக் காலணியும் கட்டாயம் என்று எழுதுவதில் என்ன தடை?

வைரஸ் பன்றிக்குப் போகும் இன்னொரு வழி இதைவிடக் கொடியது. கோழிக்கடையில் மிஞ்சும் குடலும் தலையும் இறகும் பல ஊர்களில் பச்சையாகவே பன்றித் தொட்டிக்குப் போகின்றன. நோய்க் கோழியின் கழிவை அப்படியே பன்றிக்கு ஊட்டுவது, வைரஸைக் கையில் எடுத்துக் கொடுப்பதற்குச் சமம். நாக்பூர் கோரேவாடா வனவிலங்கு மீட்பு மையத்தில் 2024 டிசம்பரில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் எச்5என்1 தாக்கி இறந்தபோது, தீனியாகக் கொடுத்த கோழி இறைச்சியின் மேல்தான் ஐயம் விழுந்தது. 2025 மார்ச்சில் ஆந்திரத்தின் நரசராவ்பேட்டையைச் சேர்ந்த இரண்டு வயதுக் குழந்தை இதே நோயால் இறந்தாள். இதற்குப் பிறகும் கோழிக்கழிவு எங்கே போகிறது என்று கேட்காத உள்ளாட்சி தன் கடமையைச் செய்யவில்லை.

புதுச்சேரியின் வீராம்பட்டினத்தில் நோய் வந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. வந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் பாருங்கள். இங்கிருந்து 10 கிலோமீட்டருக்குக் கண்காணிப்பு வட்டம் போட்டால் அது தமிழ்நாட்டுக்குள் போய்விடும். வடக்கே கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம். தெற்கே கடலூர் மாவட்டம். எல்லைக்கு இந்தப் பக்கம் கோழியைப் புதைத்துவிட்டு அந்தப் பக்கம் பன்றியை விற்கவிடுவதா? வடகிழக்குப் பருவமழையோடு வலசைப் பறவைகள் ஊசுட்டேரிக்கும் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்துக்கும் வரத்தான் போகின்றன. அவற்றை நிறுத்த முடியாது. கொட்டகையைப் பிரிக்க முடியும்.

ஆகவே புதுச்சேரி கால்நடைத் துறை, பன்றியும் பறவையும் சேர்ந்து வளரும் இடங்களின் பட்டியலைக் கொம்யூன் வாரியாக எடுத்து வெளியிட வேண்டும். குருமாம்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது; அதன் மாணவர்களையும் ஆசிரியர்களையும் இந்த வேலைக்கு அழைக்கலாம். நோய் கண்ட வட்டத்தில் நலமாகத் தோன்றும் பன்றிக்கும் மூக்குச் சளி மாதிரி எடுத்து, முடிவைப் பறவைக் கணக்கோடு சேர்த்தே அறிவிக்க வேண்டும். வேகவைக்காத கோழிக்கழிவைப் பன்றிக்குப் போடுவதை நிறுத்த அறிவுரை போதாது, தடையும் தண்டமும் வேண்டும். கழிவை எடுத்துச்செல்ல அரியாங்குப்பம் கொம்யூன் பஞ்சாயத்து தனி வண்டி விட வேண்டும். அதைச் செய்யாமல் கடைக்காரரை மட்டும் தண்டிப்பது நியாயமில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் இழப்பீடு. பறவைக்குத் தரும் தொகை தாமதமானால், செத்த கோழியை இரவோடு இரவாக ஆற்றில் வீசுவார்கள், அல்லது பன்றிக்குப் போடுவார்கள். பன்றியை அழிக்க நேர்ந்தால் எவ்வளவு, எத்தனை நாளில் கிடைக்கும் என்பதை அரசு இன்றே எழுத்தில் அறிவிக்கட்டும். அந்த அறிவிப்பு வளர்ப்பவர் கையில் இருந்தால்தான், முதல் கோழி தலை சாயும்போதே அவர் கால்நடை மருந்தகத்துக்கு வருவார்.