அறிமுகமில்லாதோரின் அஞ்சலோட்டம்

தொடரோட்டத்தை இலங்கைத் தமிழர் 'அஞ்சலோட்டம்' என்பர். கேரள எல்லையோரத் தமிழருக்கு அச்சொல் விளையாட்டைவிட மூத்த ஒரு தொழிலையும் நினைவூட்ட வேண்டும். இன்றைய இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரிலும், பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் கொச்சியிலும் இருந்த காலத்தில், அவ்விரு சமஸ்தானங்களின் தபால் துறைக்கும் 'அஞ்சல்' என்பதே பெயர். மணி கட்டிய கோலும் கடிதப் பையுமாக ஓடிவரும் அஞ்சலோட்டக்காரர், தம் தொலைவு முடிந்ததும் பையை அடுத்தவரிடம் ஒப்படைப்பார். 1951இல் அந்த அஞ்சல் இந்தியத் தபால் துறையோடு இணைந்தது.

முதல் கட்டத்தில் ஓடியவர் கடைசிக் கட்டத்தில் ஓடியவரை அறிந்திருக்க வேண்டிய தேவையே இல்லை. பை உரிய இடத்தில், உரிய நேரத்தில் கைமாற வேண்டும் என்னும் கடப்பாடே அவர்களை ஓர் அணியாக்கியது.

இன்றோ, விளையாட்டு அணியாயினும் ஆய்வுக் குழுவாயினும், 'முதலில் நம்மோடு பழகட்டும்' என்பதே பல இடங்களில் எழுதப்படாத நிபந்தனை. தமிழ்வழியில் பயின்று மலையாளச் சூழலுள் நுழையும் மாணவரை அது வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. பழக்கம் இல்லாமல் அணி இல்லை என்பது உண்மையா?

ஜப்பானில் இதற்கொரு சோதனை உண்டு. டோக்கியோவுக்கும் ஹகோனேவுக்கும் இடையே 1920 முதல் நடைபெறும் பல்கலைக்கழக நெடுந்தொடரோட்டத்தில், அணிக்குப் பத்துப் பேர் இரண்டு நாள்களில் 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகின்றனர். அங்கே கைமாறுவது கோல் அன்று. தோளில் அணியும் துணிப்பட்டை. அக்டோபரில் நடக்கும் தகுதிச் சுற்றில் தேறாத பல்கலைக்கழகங்களின் ஓட்டக்காரர்களைக் கொண்டு ஒரு கூட்டணியும் அமைக்கப்படுகிறது. போட்டி ஜனவரி 2, 3 தேதிகளில். அவர்கள் சேர்ந்து பழக மூன்று மாதம்கூட இல்லை. 2008இல் அக்கூட்டணி நான்காம் இடம் பெற்றது. ஆண்டுக்கணக்கில் ஒன்றாகப் பயின்ற அணிகள் பல அதன் பின்னே வந்தன.

முதல் மூன்று இடங்களையும் நிலையான அணிகளே பெற்றன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நெடுநாள் பழக்கம் பயன் தருவதே. ஆனால் அது ஓடி ஓடி விளைவது, நுழைவுக்கான தகுதி அன்று. அதே கூட்டணி இப்போது ஓடலாம், அதற்குத் தரவரிசை மட்டும் இல்லை என்பது விதி. சேர்த்துக்கொண்டும் கணக்கில் கொள்ளாத இந்நிலை, எல்லைப்புற மாணவர் பலருக்கும் புதிதன்று.

பொருளைக் கையில் தரும்போது தமிழர் 'இந்தா' என்கின்றனர். மலையாளிகள் 'இந்நா' என்கின்றனர். 'வந்து' அங்கே 'வந்நு' ஆவதுபோன்ற ஒலிமாற்றமே இதுவும். கோல் மாற்றும் இடத்தில் இதற்குமேல் மொழிபெயர்ப்புத் தேவைப்படுவதில்லை. ஆகவே, எல்லைப்புறக் கல்லூரிகள் அணி சேர்க்கும்போது கேட்க வேண்டிய வினா, 'இவர் நம்மவரா?' என்பதன்று, 'தம் பங்கை ஓடி முடித்து, உரிய இடத்தில் ஒப்படைப்பாரா?' என்பதே. ஓடியவரின் பெயர் முடிவுப் பட்டியலிலும் இடம்பெற வேண்டும்.