பாடம் யூடியூபில், பாய்ச்சல் எங்கே?

1984 ஆகஸ்ட் 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் கல்லூரிப் பாடங்களை ஒளிபரப்பத் தொடங்கியபோது, இன்சாட்-1பி துணையோடு நல்ல ஆசிரியர் பஞ்சம் தீரும் என்று நம்பினார்கள். வி.சி.ஆர். இல்லாத வீட்டில் பாடத்தை நிறுத்திப் பார்க்க வழியில்லை. சந்தேகம் கேட்கவும் வழியில்லை.

முதல் குறையை யூடியூப் நீக்கிவிட்டது. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் 2003ல் மத்திய அரசு நிதியோடு தொடங்கிய என்.பி.டி.இ.எல். விரிவுரைகளை யாரும் காசில்லாமல் பார்க்கலாம். பீகாரின் சிறுநகர மாணவர் ஒருவர் ஐ.ஐ.டி. பேராசிரியரைச் சமன்பாட்டின் நடுவே நிறுத்தி, பத்து முறை திரும்பச் சொல்ல வைக்கலாம். (நேரில் எந்தப் பேராசிரியர் இணங்குவார்?) மறுநாள் கல்லூரியில் அதே பாடத்தை ஒருவர் குறிப்பெழுதச் சொல்லி வாசிக்கிறார். வருகைப் பதிவுக்காக உட்கார்ந்தே ஆகவேண்டும்.

வாசிப்பவர் சுமாரானவர் என்பது மட்டும் பிரச்னையல்ல. ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மாஸுர் மாணவர்களிடம் நல்ல பெயர் எடுத்தவர். அடிப்படைக் கேள்விகள் கொண்ட ஒரு தேர்வை வைத்துப் பார்த்தார். லாரியும் சிறு காரும் மோதினால் எது செலுத்தும் விசை அதிகம் என்பது மாதிரியான கேள்விகள். இரண்டும் சமம் என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. கடினமான கணக்குகளை அநாயாசமாகப் போட்டவர்கள் இதில் தடுமாறினார்கள். கற்றுத்தந்தபடி எழுதுவதா, தான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதுவதா என்று ஒரு மாணவி கேட்டதை மாஸுரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

1991 முதல் அவர் விரிவுரையைச் சுருக்கினார். பாடத்தை முன்பே படித்துவிட்டு வரவேண்டும். வகுப்பில் ஒரு கேள்வி, தனித்தனியே விடை, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாடி மறுபடியும் விடை. வகுப்பு சந்தைக்கடை மாதிரி இருக்கும். பலன்? அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்கள் பற்றிய 225 ஆய்வுகளை 2014ல் அமெரிக்காவில் தொகுத்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டுமே நடந்த வகுப்புகளில் தோல்வி சுமார் 34 சதவீதம். மாணவர்கள் பங்கேற்ற வகுப்புகளில் 22.

முன்பே பார்த்துவிட்டு வர இந்திய மாணவரிடம் வீடியோ இருக்கிறது. வகுப்பு நேரத்தை விடுவிக்கத்தான் ஆளில்லை. 2021ன் யு.ஜி.சி. விதிகள் ஒரு பருவத்தில் 40 சதவீதம் வரையிலான பாடங்களை ஸ்வயம் இணையதளம் வழியே படிக்க அனுமதிக்கின்றன. மிச்சமாகும் மணிகளைக் கல்லூரி நிர்வாகம் விவாதத்துக்கு ஒதுக்குமா, அல்லது ஆசிரியர் சம்பளத்தில் கழித்துக்கொள்ளுமா என்பதை விதிகள் தீர்மானிக்கப்போவதில்லை. மாணவர்களை எதிரெதிரே உட்காரவைக்க முதலில் பெஞ்சுகளைத் திருப்பவேண்டும். பல கல்லூரிகளில் அவை தரையோடு முடுக்கப்பட்டிருக்கின்றன.