ஒரே வன்தட்டில் இரண்டு இயங்குதளங்கள்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீருமேடு, உடும்பஞ்சோலை வட்டங்களிலும் தமிழ்வழிப் பள்ளிகள் பல இயங்கி வருகின்றன. கேரள அரசு 2001-ஆம் ஆண்டில் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டமும், 2017-இல் அதன் தொடர்ச்சியாக நிறுவப்பெற்ற 'கைட்' நிறுவனமும் கணிப்பொறிக் கல்வியை இப்பள்ளிகளுக்குக் கொண்டு சேர்த்தன. வகுப்பில் பயன்படுவது உபுண்டுவைத் தழுவி அமைந்த கைட் லினக்ஸ். ஆசிரியர் தாமே வாங்கும் மடிக்கணிப்பொறியோ பெரும்பாலும் விண்டோஸ் இயங்குதளத்துடன் வருகிறது. எனவே, ஒரே பொறியில் இரண்டையும் நிறுவும் தேவை எழுகிறது.

வன்தட்டைப் பிரித்தல் நிலத்தை வரப்பிட்டுப் பிரிப்பதை ஒக்கும். எப்பிரிவு எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்பதைக் குறிக்கும் அட்டவணை, நிலப்பதிவேடு போன்றதாகும். பழைய எம்.பி.ஆர். அட்டவணையில் முதன்மைப் பிரிவுகள் நான்குக்கு மேல் அமைய முடியாது; இன்றைய ஜி.பி.டி. முறையில் வழக்கமாக 128 பிரிவுகளுக்கு இடமுண்டு.

தட்டை இரு கூறாக்கி, கூறுக்கு ஓர் இயங்குதளம் நிறுவினால் போதும் எனப் பலர் கருதுகின்றனர். இது போதாது. இயங்குதளம் பழுதுற்றால் மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். மாணவர் ஓராண்டு முயன்று வரைந்த படங்களையும், ஆசிரியர் தொகுத்த மதிப்பெண் பட்டியல்களையும் எங்கிருந்து பெறுவது? ஆகவே இவற்றுக்கெனத் தனியே மூன்றாவது பிரிவு ஒன்று இன்றியமையாதது. அவ்வாறு இருப்பின், இயங்குதளப் பிரிவை மட்டும் அழித்துப் புதுப்பிக்கலாம், மற்றவை தீண்டப்படா. அப்பிரிவு என்.டி.எஃப்.எஸ். அமைப்பில் இருப்பின் இரு இயங்குதளங்களும் அதனைப் பயன்படுத்தக்கூடும். ஆயின், விண்டோஸின் 'விரைவுத் தொடக்க' வசதியை முன்னரே நிறுத்திவிடுதல் வேண்டும்; இல்லையேல், அணைத்த பின்னரும் பிரிவுகள் முழுமையாக மூடப்படாத நிலையிலேயே நிற்கும்.

செயல்முறையின் வரிசையும் முக்கியமானது. முதலில் கோப்புகளனைத்தையும் வேறொரு தட்டில் படியெடுத்தல் வேண்டும். பிட்லாக்கர் பூட்டு இருப்பின் அதன் மீட்புத் திறவியைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் விண்டோஸின் சொந்தக் கருவியாலேயே அதன் பிரிவைச் சுருக்கி, கிடைத்த வெற்றிடத்தில் பொதுப் பிரிவையும் லினக்ஸையும் அமைக்கலாம். 'தட்டு முழுவதையும் அழி' என்னும் தேர்வை ஒருபோதும் தொடலாகாது. அட்டவணை அழிந்துபோயினும் அஞ்ச வேண்டுவதில்லை. பதிவேடு தொலைந்தால் நிலம் மறைவதில்லை. தட்டில் புதிதாக எதையும் எழுதாதிருப்பின், 'டெஸ்ட்டிஸ்க்' போன்ற மென்பொருளால் பெரும்பாலும் மீட்கலாம்.

எனினும் பிரிவு வேறு, காப்புப் படி வேறு. தட்டே பழுதுற்றால் பிரிவுகள் யாவும் ஒருங்கே மாளும்.

மறையூர், வட்டவடை போன்ற மலையூர்ப் பள்ளிகளிலிருந்து பழுதுபார்ப்போரை நாடிப் பொறியை மலைவழியே சுமந்து செல்ல வேண்டியுள்ளது. அங்குள்ளவர் பிரிவுகளின் பயனை அறியாது அனைத்தையும் அழித்துவிடக்கூடும். ஆதலின் எப்பிரிவில் என்ன உள்ளது, எதனை அழிக்கலாகாது என்பதை ஒரு தாளில் தமிழில் எழுதிப் பொறியுடன் வைத்தல் ஒவ்வொரு பள்ளியின் கடமையாகும். இதற்குச் செலவு ஏதுமில்லை. காக்கப்படுவதோ மாணவரின் ஓராண்டு உழைப்பு.