மஞ்சள் சட்டையும் கறுப்புக் கூட்டமும்

சைக்கிள் ஓட்ட லைசென்ஸ் வேண்டாம்னு சட்டம் சொல்லுது. ஆனா புனேல ஞாயித்துக்கிழமை காலைல கும்பலா ஓட்டணும்னா வேணும் சாமி! அதைக் கொடுக்கிறது எங்க குழுவோட ட்ரெஸ் போலீஸ்.

பொட்டி தட்டி வளர்த்த தொப்பையைக் குறைக்கணும்னு ரெண்டு வருஷம் முன்னாடி சேர்ந்தேன். தேவையான உடுப்பு எதுன்னு எனக்கும் தெரியும். பேட் வெச்ச ஷார்ட்ஸ் வேணும். (உள்ள ஜட்டி போடக்கூடாது மக்களே. தையல் உரசி ரெண்டு மணி நேரத்துல தோல் வழிஞ்சிடும். பட்டுத் தெரிஞ்சுகிட்டது.) முதுகுல மூணு பாக்கெட் வெச்ச ஜெர்சி, வாழைப்பழமும் ட்யூபும் வைக்க. தலைக்கு ஹெல்மெட். இதுல எனக்குச் சண்டையே இல்லை.

சண்டை அதுக்கு மேல வர்ற சாஸ்திரத்தோட. ஷார்ட்ஸ் கறுப்பா மட்டும்தான் இருக்கணுமாம். கண்ணாடியோட காது ஹெல்மெட் வாருக்கு வெளியிலதான் வரணுமாம். வெலோமினாட்டினு ஒரு கூட்டம் பாதி கிண்டலா எழுதி, 2013ல புத்தகமாவும் வந்த விதிகள் இதெல்லாம். நம்மாளுங்க கிண்டலை விட்டுட்டு விதியை மட்டும் பிடிச்சுகிட்டாங்க. சாக்ஸ் உயரம் இன்னொரு கூத்து. கணுக்காலுக்கும் முட்டிக்கும் நடுவைத் தாண்டக்கூடாதுன்னு உலக சைக்கிள் சம்மேளனம் விதி வெச்சிருக்கு. உயர சாக்ஸ் காத்தைக் கிழிக்க உதவுது, அதனால பந்தயத்துல. இட்லி சாப்பிட்டுட்டு மணிக்கு 22 கிலோமீட்டர்ல உருள்ற என் காலை எதுக்குய்யா அளக்கிற?

போன வருஷம் தங்கமணியும் வர்றேன்னாங்க. கூடை வெச்ச லேடீஸ் சைக்கிள், சல்வார், மேல மஞ்சள் டீ ஷர்ட். துப்பட்டாவை இடுப்புல இறுக்கிக் கட்டி, சல்வார் கால்ல எங்கப்பாவோட பேன்ட் கிளிப்பை மாட்டிகிட்டாங்க. செயின்ல சிக்க ஒரு நூல் இல்லை. கடக்வாஸ்லா வரைக்கும் யாரையும் காக்க வைக்காம ஓட்டினாங்க. டீக்கடைல ஒரு சீனியர் சிரிச்சுகிட்டே, "பாபிஜி, டூர் டி பிரான்ஸ் ஜெயிச்சுட்டீங்களா? மஞ்சள்லாம் ஜெயிச்சவங்க போடறது. அடுத்த தடவை ப்ராப்பர் கிட்ல வாங்க"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து, "எனக்கு ஒத்து வராதுங்க, நீங்க போயிட்டு வாங்க"ன்னு சொன்னவங்கதான். அப்புறம் வரவே இல்லை. அந்தச் சிரிப்பு இன்னிக்கு வரைக்கும் எனக்குள்ள குத்துது.

சரி, அந்த மஞ்சள் கதையையாவது ஒழுங்கா தெரிஞ்சுக்கிட்டாரா? 1919 டூர் டி பிரான்ஸ்ல முன்னணியில இருக்கிறவரை ரோட்டோரம் நிக்கிற ஜனம் அடையாளம் கண்டுபிடிக்கணும்னு கொடுத்த சட்டை அது. பந்தயத்தை நடத்தின 'லோட்டோ' பத்திரிகை மஞ்சள் காகிதத்துல அச்சாகிட்டிருந்தது. முதல்ல போட்டுகிட்ட யூஜின் கிறிஸ்டோஃபை, கேனரி பறவைன்னு ஜனங்க கேலி பண்ணாங்கன்னு சொல்வாங்க. ஆக, கண்ணுல படணும்னே பிறந்த சட்டை! அதைப் போட்டவங்களைக் கேலி பண்ணவர் அன்னிக்குத் தலை முதல் கால் வரை கறுப்பு.

டிசம்பர்ல புனேல விடியவே ஏழு மணி ஆகும். நாங்க கிளம்பறது அஞ்சரைக்கு. அந்த இருட்டுல கறுப்பு ஜெர்சி, கறுப்பு ஷார்ட்ஸ், கறுப்பு ஹெல்மெட். கடையில மாட்டிக் கொடுத்த ரிஃப்ளெக்டரைக்கூட 'சீப்பா இருக்கு'ன்னு கழட்டிடறது. பளீர் மஞ்சள்கூட பகலுக்குத்தான். சூரியனோட புற ஊதாக்கதிர் பட்டாத்தான் அது அப்படி மின்னும், ஹெட்லைட்டுக்கு மின்னாது. ராத்திரிக்கு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற பட்டைதான் வேணும். அதுவும் கணுக்கால்ல. மேலயும் கீழயும் போயிட்டு வர்ற ரெண்டு புள்ளியைப் பார்த்தா, சைக்கிள்ல ஒரு ஆள் போறான்னு டிரைவருக்குச் சட்டுனு புரியும்.

அப்படி ஒரு டிசம்பர்ல எங்க ஆள் ஒருத்தரை டெம்போ உரசிட்டுப் போச்சு. பின்விளக்கு கிடையாது. காரை எலும்பு முறிஞ்சது. "தெரியவே இல்லை சாப்"னு டிரைவர் அழுதான். அவன் பொய் சொல்லலை. பத்தடி பின்னாடி வந்த எனக்கே அவரைச் சரியாத் தெரியலை. அடுத்த வாரம் குழுவில எலும்பைவிட அந்த இத்தாலி ஜெர்சி கிழிஞ்ச துக்கம்தான் அதிகம் பேசப்பட்டது. பின்விளக்கு இல்லாதவங்க வராதீங்கன்னு சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரலை, ப்ராப்பர் கிட் வேணும்னு சொன்ன அதே வாய்க்கு. 200 கிலோமீட்டரைப் பதிமூணரை மணி நேரத்துல முடிக்கணும்கிற பி.ஆர்.எம் ஓட்டத்துல, இருட்டினா விளக்கும் ரிஃப்ளெக்டிவ் வெஸ்ட்டும் கட்டாயம். சட்டை என்ன கலர்னு அங்க யாரும் கேக்கறதில்லை.

எங்கப்பா சைக்கிள்ல பின் மட்கார்டு நுனியில வெள்ளை பெயிண்ட், அதுக்கு மேல சிவப்பு ரிஃப்ளெக்டர், முன்னாடி டைனமோ லைட். லைட் இல்லாம போனா போலீஸ் பிடிச்சு காத்தைப் பிடுங்கி விட்டுடும்னு பயந்து பயந்து ஓட்டினவர். அன்னிக்குப் போலீஸ் பார்த்தது விளக்கை. இன்னிக்கு ட்ரெஸ் போலீஸ் பார்க்கிறது சாக்ஸை.

நேத்து தங்கமணிகிட்ட மன்னிப்பு கேட்டேன். "இதுக்கு ஒரு வருஷமா?"ன்னாங்க. வர்ற ஞாயிறு ரெண்டு பேரும் கிளம்பறோம். அதே மஞ்சள் டீ ஷர்ட், அதே கிளிப், அதுக்கு மேல ரிஃப்ளெக்டர் பட்டை. டீக்கடைல அந்த சீனியர் இருந்தா, இந்தத் தடவை நான் பேசிக்கிறேன்னு சொல்லியிருக்கேன். "நீங்க பேச வேணாம், சிரிக்காம இருங்க போதும்"னு பதில் வந்தது.