விருந்தினன் அறம்

வள்ளுவப் பெருந்தகை விருந்தோம்பலை அறத்துப்பாலில் 9 ஆம் அதிகாரமாக அமைத்தார். அளவறிந்து உண்ணுதலைக் கூறும் மருந்து என்னும் அதிகாரத்தைப் பொருட்பாலில் 95 ஆவதாக வைத்தார். இரத்தலுக்கு நாணும் இரவச்சத்தையோ 107 ஆவதாக வைத்தார். உண்பிப்போனுக்கும், உண்போனுக்கும், இரப்போனுக்கும் நீதி கூறிய அப்பெரியார், அன்போடு அழைக்கப்பட்டுப் பிறர் பொருளில் உண்பவன் எவ்வாறு ஒழுகவேண்டும் என்பதற்குத் தனி அதிகாரம் வகுத்தாரல்லர். அதனை நாமே சிந்தித்துக் கொள்ளுமாறு விட்டார் போலும். அவ்வாறு சிந்திக்கும் வாய்ப்பு 2023 ஆம் ஆண்டில் பெங்களூரில் எனக்கு நேர்ந்தது.

அந்நகரிலே லால்பாக் பூங்காவின் அருகே மாவள்ளி டிபன் ரூம்ஸ் என்னும் போசனசாலை உண்டு. எம்.டி.ஆர். என்றால் அங்கு சிறு பிள்ளையும் வழிகாட்டும். உடுப்பிப் பகுதியிலிருந்து வந்த மையா சகோதரர்கள் 1924 ஆம் ஆண்டில் தொடங்கியது அது. அவர்களுள் ஒருவரான யக்ஞநாராயண மையா 1951 இல் ஐரோப்பாவுக்குச் சென்று, அங்குள்ள உணவகங்கள் நடைபெறும் முறையைக் கண்டு வந்தார். அதன் பின்னர் சுத்தமே அவ்விடத்தின் முதல் விதியாயிற்று. உண்ண வருவோர் சமையலறையைத் தம் கண்ணாலேயே கண்டு செல்லலாம் என்பது அக்காலத்தில் எத்துணைத் துணிவு! மறைக்க ஒன்றும் இல்லாதவனன்றோ அடுக்களைக் கதவைத் திறந்து வைப்பான்?

ரவை இட்டலி அங்கேதான் பிறந்தது என்று அவ்வுணவகத்தார் கூறுவர். இரண்டாம் உலகப் போரில் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அரிசி வரத்து நின்றது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை ரவையைக் கொண்டு இட்டலி அவித்துப் பார்த்தார்களாம். அதே பர்மா அரிசியை நம்பியிருந்த இலங்கையிலும் அன்று பங்கீடு வந்தது. கோதுமை மா நம் அடுக்களைகளிலே இடம்பிடித்தது. ஒரே பஞ்சம் அங்கே ரவை இட்டலியாயிற்று. இங்கே கோதுமைமாப் பிட்டும் பாணும் ஆயிற்று.

நான் அந்நகரிற் பட்டப் படிப்புப் படித்த காலத்தில் நாங்கள் நால்வர் நண்பர்கள். மைசூர்க்காரர் ஒருவர், மலையாளி ஒருவர், ஆந்திரர் ஒருவர், யாழ்ப்பாணத்தான் ஒருவன். மாதம் ஒருமுறை, வீட்டிலிருந்து பணம் வந்ததும், அங்கே சென்று உண்போம். பற்றுச்சீட்டு வந்தால் நான்காகப் பிரிப்போம். குறைய உண்டவன் குறையக் கொடுப்பதில்லை. கூட உண்டவன் கூடக் கொடுப்பதுமில்லை. அந்தச் சமபங்குதான் எங்கள் நட்பின் பெருமை என்று நான் எண்ணியிருந்தேன்.

நெடுங்காலத்தின் பின் நால்வரும் அங்கே மீண்டும் கூடினோம். பெயரைக் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தோம். வெள்ளித் தம்ளரில் பழரசம் வந்தது. பின்னர் கோசம்பரி, பொரியல், சிறு கிண்ணத்து நெய்யோடு தோசை, இனிப்பான ஒப்பட்டு, ஆவி பறக்கும் பிசிபேளே பாத், சோறு, சாம்பார், இரசம், தயிர்ச்சாதம், இறுதியில் பழக்கலவையோடு ஐஸ்கிரீம். “போதும்” என்ற சொல்லைப் பரிமாறுவோர் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. மருந்து அதிகாரத்தை வகுப்பிலே பாடம் நடத்தும் நான் அன்று அதனை மறந்தே உண்டேன்.

கை கழுவித் திரும்புவதற்குள் மைசூர் நண்பர் முழுப் பணத்தையும் செலுத்திவிட்டார். மற்ற இருவரும் பேசாதிருந்தனர். மூவரும் முன்னரே பேசி வைத்தது என்பது விளங்கிற்று. 2022 ஆம் ஆண்டு நம் நாடு பட்ட பாட்டை அவர்கள் அறிவர். எரிவாயு வரிசையும் மண்ணெண்ணெய் வரிசையும் உலகெங்கும் படமாக ஓடின. 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர் சில மாதங்களில் 360 ரூபாவைத் தாண்டியது. ஓர் இந்திய ரூபாவுக்கு நம் ரூபாவில் ஏறக்குறைய நான்கு வேண்டியிருந்தது.

சட்டைப்பையில் வைத்த கை அங்கேயே நின்றது. இது விருந்தா, இரக்கமா? ஒரு கணம் நெஞ்சு குறுகியது. “உன் ஊருக்கு நாங்கள் வந்தால் நீ கொடு” என்றார் நண்பர். அவ்வளவே.

அவர் சொன்ன அச்சிறு வாக்கியத்தை நான் பலமுறை எண்ணிப் பார்த்தேன். பிச்சையிடுபவன் இரப்பவனோடு ஒரே வரிசையில் அமர்ந்து உண்பதில்லை. அவன் வீட்டு வாயிலை நாடிச் செல்வதுமில்லை. விருந்திடுபவனோ உடனிருந்து உண்கிறான். உன் வீட்டிலும் உண்பேன் என்கிறான். வேற்றுமை பணத்தில் இல்லை. திரும்பிச் செல்லும் அந்த வழியில் இருக்கிறது. அவ்வழி திறந்திருக்கும்வரை ஏற்பதில் இழிவில்லை.

வாசகர்களே, இது பெங்களூர்க் கதை மட்டுமன்று. ஆண்டுதோறும் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் நம் உறவினர் வருகின்றனர். வாகனம், உணவகம், துணிமணி அனைத்துக்கும் அவர்களே பணம் கொடுக்கின்றனர். அன்பினால்தான் கொடுக்கின்றனர், ஐயமில்லை. ஆயினும் நம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்கின்றனர். எப்போதும் பெரியப்பா கொடுப்பார், எப்போதும் நாங்கள் வாங்குவோம் என்று அவர்கள் கற்றுவிட்டால், அது கடனைவிடக் கொடிய பாரமாகும்.

ஆதலால் ஒருநாளேனும் அவர்களை உங்கள் வீட்டுக்கு அழையுங்கள். பெரிய விருந்து வேண்டாம். ஒடியல் மாவும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் இட்டு ஒரு பானை கூழ் காய்ச்சுங்கள். பிலாவிலையைக் கோலிப் பிள்ளைகள் கையாலேயே வார்த்துக் கொடுக்கச் செய்யுங்கள். கொடுக்கும் கை தங்களுக்கும் உண்டு என்பதை அப்பிள்ளைகள் அன்று அறிந்து கொள்வார்கள்.